தண்டவாளம் இருக்கு, ஜல்லி இல்லை

2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். ரயிலில் ஏறத்தாழ 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்களிடம் இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அதில் மறக்காமல் நிற்பது ஒரு போட்டோ. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது. கம்பி இருக்கிறது, ஸ்லீப்பர் கட்டை இருக்கிறது. அடியில் இருக்கவேண்டிய ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலை ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்ததால் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அந்த வெள்ளத்துக்கு ஆறு நாள் முன்னால், டிசம்பர் 11-ம் தேதி, அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அதுவும் ஒரு ஜல்லி அரிப்புதான். தூத்துக்குடிக்காரர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால், அவர்களில் பல பேருடைய ஆபீஸ் சர்வரின் அடியில் இருந்தும் அன்று ஜல்லி போனது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ‘கம்ப்யூட்டர் மேட்டர், நமக்கெதுக்கு’ என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். இது பணக் கணக்கு. நான் படித்தது பி.காம். எனக்கே புரிகிறது.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனியில் கணக்குக்கு ஒரு சர்வர், இ-மெயிலுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, ஃபைல் வைக்க ஒன்று என்று இருந்த காலம் உண்டு. பாதிப் பெட்டிகள் சும்மா சூடாகிக்கொண்டு, ஏ.சி.யைத் தின்றுகொண்டு கிடக்கும். அப்புறம் ஒரு டெக்னிக் வந்தது. ஒரே பெரிய பெட்டிக்குள் பத்து சர்வர் இருப்பதுபோல் தடுத்துக்கொள்வது. நம் திருநெல்வேலிப் பக்கத்து வளவு மாதிரி. ஒரே மனை, ஒரே கிணறு, உள்ளே எட்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனி அடுப்பு. ஒரு வீட்டில் சண்டை என்றால் அடுத்த வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும். இதற்குப் பெயர் ‘சர்வர் வர்ச்சுவலைசேஷன்’. வளவைத் தடுத்து, யாருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்கிற சாஃப்ட்வேர்தான் அதன் ‘பிளாட்ஃபார்ம்’.

இந்தத் தொழிலில் அண்ணாச்சிக் கடை வி.எம்.வேர். 1998-ல் ஆரம்பித்த கம்பெனி. பாங்கு, ஆஸ்பத்திரி, துறைமுகம், டெலிபோன் கம்பெனி என்று உலகம் முழுக்க அவர்கள் சரக்குதான். நல்ல சரக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், கடை கைமாறிக்கொண்டே இருந்தது. 2004-ல் இ.எம்.சி. என்ற கம்பெனி சுமார் 63 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் இ.எம்.சி.யையே டெல் வாங்கியது. 2021-ல் வி.எம்.வேர் தனியாகப் பிரிந்தது. 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் என்ற சிப் கம்பெனி வாங்கியது. விலை சுமார் 6,900 கோடி டாலர்!

6,900 கோடி போட்டவர் அதை எங்கே எடுப்பார்? உங்களிடமும் என்னிடமும்தான். இதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். பிராட்காம் 2018-ல் சி.ஏ. டெக்னாலஜீஸை வாங்கியது, 2019-ல் சிமன்டெக்கின் கம்பெனிகளுக்கான பிரிவை வாங்கியது. இரண்டு தடவையும் பெரிய வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டு, சின்னவர்களைக் கைகழுவியது என்ற புகார் எழுந்தது. எல்லாம் பத்திரிகைகளில் வந்ததுதான்.

வாங்கி மூன்றே வாரத்தில் வந்த அந்த டிசம்பர் 11 அறிவிப்பு சொன்னது: இனி நிரந்தர லைசென்ஸ் விற்கமாட்டோம். எல்லாம் சந்தாதான். ஏற்கெனவே நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர்களுக்கும் சப்போர்ட்டைப் புதுப்பித்துத் தரமாட்டோம்.

இதன் அர்த்தம் என்ன? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் உங்களுடையதுதான். யாரும் பிடுங்கவில்லை. ஓட்டிக்கொள்ளலாம். ஆனால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு கோளாறு என்று போன் செய்தால் எடுக்க ஆள் கிடையாது. புது வெர்ஷன் கிடையாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற ‘பேட்ச்’சில் மிக ஆபத்தானவற்றுக்கு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். பழைய ஏழாம் வெர்ஷனுக்கான பொது சப்போர்ட் 2025 அக்டோபரோடு முடிந்தே போனது. தண்டவாளம் இருக்கு, ஜல்லி இல்லை.

சின்னவர்களுக்கு இன்னும் மோசம். மூன்று சர்வர் வரை வைத்திருக்கும் சிறு கம்பெனிகளுக்கென்று ‘எசென்ஷியல்ஸ்’ என்று சல்லிசான பொட்டலம் ஒன்று இருந்தது. அதை 2024-ல் நிறுத்தினார்கள். சந்தாவை சிப்பின் ‘கோர்’ கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு சிப்புக்குக் குறைந்தது 16 கோர். உங்கள் சர்வரில் எட்டுதான் இருக்கிறதா? பரவாயில்லை, 16-க்கே கொடுங்கள். டிக்கெட் ஒன்று, பயணம் பாதி.

பிராட்காம் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அதன் தலைவர் ஹாக் டான், மலேசியாவில் பினாங்கில் பிறந்தவர். ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்த சாமான்களை நாலைந்து பொட்டலமாக எளிமையாக்கினோம், முழுப் பொட்டலத்தின் பட்டியல் விலையைப் பாதியாகக் குறைத்தோம், சந்தா முறைக்கு சாஃப்ட்வேர் உலகமே மாறிவிட்டது என்பது அவர்கள் வாதம். பொய் இல்லை. ஆனால், கால் ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்க வந்தவனிடம், ‘மாச மளிகை முழுசும் பாதி விலை, எடுத்துக்கோ’ என்றால் அது தள்ளுபடியா?

பெரிய மனிதர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. 2024-ல் வழக்குப் போட்டது. அவர்களிடம் வி.எம்.வேரில் ஓடுவது சுமார் 75,000 சர்வர். 1,050 சதவீதம் விலையேற்றம் கேட்டார்கள் என்பது அவர்கள் புகார். சில மாதங்களில் சமரசமாகிவிட்டது. என்ன விலைக்கு என்று வெளியே சொல்லவில்லை. இங்கிலாந்தின் டெஸ்கோ, நம் ஊர் பாஷையில் பெரிய மளிகைக் கடை, 2025-ல் குறைந்தது பத்து கோடி பவுண்ட் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்த வழக்கு நெதர்லாந்து வழக்கு. அங்கே அணை, மதகு, கால்வாய், நெடுஞ்சாலை எல்லாம் பார்க்கிற அரசுத் துறை ரெய்க்ஸ்வாட்டர்ஸ்டாட். நம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பார்க்கும் நீர்வளத் துறைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நாங்கள் வேறு பிளாட்ஃபார்முக்கு மாறத்தான் போகிறோம். ஆனால், ஒரே நாளில் முடியாது. மாறி முடிக்கும்வரை சப்போர்ட் கொடுங்கள்’ என்று ஹேக் நகரக் கோர்ட்டில் கேட்டது. 2025-ல் தீர்ப்பு: இரண்டு வருடம் வரை கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தினமும் அபராதம்.

இரண்டு வருடம் என்ற அந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஓர் அரசுத் துறைக்கு, அத்தனை இன்ஜினீயர்கள் இருந்தும், வீடு மாற அவ்வளவு அவகாசம் தேவைப்படுகிறது. உங்களுக்கு ரினியூவல் தேதிக்கு எத்தனை நாள் இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் ஸ்ரீவைகுண்டத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். வீடும் வாழைத் தோட்டமும் ஸ்ரீவைகுண்டத்தில். தொழில் தூத்துக்குடி துறைமுகத்தில், கஸ்டம்ஸ் கிளியரிங். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

“எத்தனை சர்வர் வச்சிருக்கீங்க?”

“ரெண்டு பெட்டி இருக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள ஒம்பது ஓடுதுன்னு பையன் சொல்லுதான்.”

“எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்?”

“அது யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் பில்லு வரும். கட்டிருவோம்.”

“பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?”

“அவன்ட்டதான்.”

“அவன் நாளைக்கு துபாய் போயிட்டா?”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. லாரியில் எத்தனை கட்டு வாழைத்தார் ஏறியது என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர் அவர்.

எனக்கு பிராட்காம் மேல் கோபம் இல்லை. அது வியாபாரி. காசு பார்க்கத்தான் கடை. என் சண்டை நம் முதலாளிகளோடும் நம் ஆடிட்டர்களோடும்தான். கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்கிறவர்கள், கணக்குப் புத்தகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. சந்தா என்றால் ஆடிட்டருக்குச் சந்தோஷம். ‘முழுசும் செலவுக் கணக்குல போட்டுடலாம் சார், தேய்மானத் தொல்லை இல்லை’ என்பார். வருமான வரியில் மிச்சம் பிடித்ததைக் காட்டுவார். வெளியே போக என்ன செலவாகும் என்பதற்கு எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் ஒரு வரி கிடையாது.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். வாராக் கடனுக்கு ஒதுக்கீடு செய். வராமல் போகலாம் என்ற சந்தேகம் போதும், ஒதுக்கு. தொழிலாளியின் கிராஜுவிட்டிக்கு அவன் வேலையில் இருக்கும்போதே ஒதுக்கு. அதே புத்தி சாஃப்ட்வேருக்கு ஏன் இல்லை? வாங்குகிற அன்றே வெளியேறும் செலவுக்கும் வருடா வருடம் கொஞ்சம் ஒதுக்கினால், விலை ஏறுகிற அன்று பேரம் பேச வாய் இருக்கும். போக வழியில்லாத வாடகைக்காரனிடம் எந்த வீட்டுக்காரன் பேரம் பேசுவான்?

சட்டத்தையும் பாருங்கள். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகத்தை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ஆவணம் 72 மாதம். கணக்கு கம்ப்யூட்டரில் என்றால், அதன் பேக்-அப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்கவேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். கடமை எட்டு வருடம், சந்தா ஒரு வருடமோ மூன்று வருடமோ. நடுவில் விலை ஏறினால் கட்டித்தானே தீரவேண்டும்?

இதெல்லாம் தூத்துக்குடிக்குப் புதுசா? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது அவரிடம் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு எடுத்தார். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். அவர்கள் கப்பல் கொடுத்தவரை மிரட்டினார்கள், வாடகைக் கப்பல் கிடைக்காமல் போனது. அப்போதுதான் ‘சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை’ என்று ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஓசிப் பயணம், கூடவே ஒரு குடை என்று இறங்கியதாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அப்புறம் குடை கொடுத்தார்களா?

இன்றைக்கும் முதல் வருடம் டிஸ்கவுன்ட் என்று ஒருவர் வந்தால் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வருகிறது.

சரி, மாறுவதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. லினக்ஸுக்குள்ளேயே கே.வி.எம். என்ற ஏற்பாடு 2007-லிருந்து இருக்கிறது. யாருக்கும் தனிச் சொத்து இல்லை, ஊர்ப் பொதுக் கிணறு. அதன் மேல் கட்டப்பட்டதுதான் வியன்னாவின் பிராக்ஸ்மாக்ஸ். 2008-ல் வந்தது, சாஃப்ட்வேர் இலவசம், சப்போர்ட் வேண்டுமென்றால் காசு. வி.எம்.வேரிலிருந்து நேராக இறக்கிக்கொள்ளும் வசதியை 2024-ல் சேர்த்தார்கள். எக்ஸ்.சி.பி.-என்.ஜி. என்று இன்னொரு பொதுக் கிணறு. காசு கொடுத்தே வாங்குவேன் என்றால் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ் என்று கடைகள் உண்டு.

‘ஃப்ரீதானே, நாளைக்கே மாத்திடலாம்’ என்று யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள். மாறுவது வேலை. வீடு மாற்றும்போது பீரோ கதவு இடிக்கிற மாதிரி பத்து இடத்தில் இடிக்கும். விண்டோஸ் சர்வர்களுக்குப் புது இடத்தின் டிரைவர்களை முன்கூட்டியே போட்டு வைக்காவிட்டால், மாற்றிய பிறகு கண் திறக்காது. நெட்வொர்க் அட்டை மாறி, அட்ரஸ் குழம்பும். சில சாஃப்ட்வேரின் லைசென்ஸ் பழைய மெஷினின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும். பெட்டியின் பின்னால் யாரோ என்றோ செருகி வைத்த டாங்கிள் ஒன்று இருக்கும், அதைப் பற்றி எவருக்கும் தெரியாது. பழைய பேக்-அப்பைப் புது இடத்தில் திறக்க முடியுமா என்று பார்க்கவேண்டும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் எண்ணுங்கள்: எத்தனை சர்வர், எது எதற்கு, எது நின்றால் தொழில் நிற்கும். அடுத்து பேக்-அப் எடுத்து, அதை வேறொரு பெட்டியில் திறந்தே பாருங்கள். திறந்து பார்க்காத பேக்-அப், ஜாதகத்தில் இருக்கிற யோகம் மாதிரி. பிறகு நின்றாலும் கவலையில்லாத ஒன்றை முதலில் மாற்றி, ஒரு மாதம் ஓட விடுங்கள். கணக்கு சர்வரைக் கடைசியில் மாற்றுங்கள், அதுவும் மாதக் கடைசியிலோ மார்ச்சிலோ கூடவே கூடாது. பழையதை உடனே அழிக்காமல் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள்.

முக்கியமாக, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை உங்கள் ‘கம்ப்யூட்டர் பையனு’க்குச் செலவழியுங்கள். அவனைப் படிக்க அனுப்புங்கள், சம்பளத்தை ஏற்றுங்கள், கூட இன்னொருவரையும் பழக்குங்கள். இலவச சாஃப்ட்வேரில் இலவசமாகக் கிடைக்காதது ஆள்தான்.

இது வெறும் உபதேசம் இல்லை. தமிழ்நாட்டிலேயே நடந்து பார்த்தது. 2006-ஐ ஒட்டி உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை லினக்ஸோடு வாங்கினார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-ல் வந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, துறைகள் எல்லாம் ‘பாஸு’க்கு மாறலாம் என்று அரசே சொன்னது. இன்று எந்தத் தாலுகா ஆபீஸுக்காவது போய்ப் பாருங்கள், என்ன ஓடுகிறதென்று. சுற்றறிக்கை அனுப்புவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்தார்கள். கிளார்க்குக்கு யார் சொல்லிக்கொடுப்பது, பிரின்டர் ஓடாவிட்டால் யார் வருவது என்பதற்குப் பணமும் ஒதுக்கவில்லை, ஆளும் போடவில்லை. அதிகாரி மாறினார், ஆர்வமும் மாறியது.

‘அப்போ எல்லாத்தையும் கிளவுடுக்குக் கொண்டு போயிட்டா?’ என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால், அங்கேயும் இதே கேள்வி. 2025 ஜூலையில் குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜிக்கு, ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. இந்தியாவில் இருக்கிற கம்பெனி, காசு கட்டிய கம்பெனி. இ-மெயில் போச்சு. டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், சில நாளில் திரும்பி வந்தது.

உடனே ‘சுதேசிக்கு மாறு’ என்று கோஷம். மத்திய அரசின் 12 லட்சம் ஊழியர்களின் இ-மெயில் நம் ஸோஹோவுக்கு மாறியது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டு நம் பிள்ளைகளுக்கு வேலை தருகிற கம்பெனி. சந்தோஷம்தான். ஆனால், சுதேசிப் பூட்டும் பூட்டுதான். வி.எம்.வேரும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பிடித்த கம்பெனியாகத்தான் இருந்தது. கம்பெனி நல்லதா என்பதோடு, நாளைக்கு அது கைமாறினால் என் சரக்கை எடுத்துக்கொண்டு நான் போக முடியுமா என்றும் கேட்கவேண்டும்.

என் கோரிக்கை ரொம்பப் பெரிசில்லை. எல்காட்டும் அரசுத் துறைகளும் சாஃப்ட்வேர் டெண்டர் போடும்போது, ‘ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாறி முடிக்கும்வரை சப்போர்ட் உண்டு, தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவாய்’ என்று இரண்டு வரி எழுதட்டும். நெதர்லாந்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் வாங்கியதை நாம் டெண்டரிலேயே வாங்கலாம். ஆடிட்டர்கள் இந்த வருட ஆடிட்டில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: “வெளியே போக எவ்வளவு ஆகும்?” தூத்துக்குடி, திருநெல்வேலி காலேஜ்களில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய பெட்டியையும் கே.வி.எம்.மையும் கொடுத்து, ‘இந்த சர்வரை இங்கேயிருந்து அங்கே மாற்றிக் காட்டு’ என்று பிராக்டிகல் வையுங்கள். அதற்கு அமெரிக்காக்காரனிடம் அனுமதி வாங்கவேண்டியதில்லை.

முதலாளிகளே, உங்களுக்கு ஒன்று. நாளைக் காலை ஆபீஸ் போனதும் கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். டீ சொல்லுங்கள். ரினியூவல் என்றைக்கு, சர்வர் எத்தனை, பாஸ்வேர்ட் எழுதிய கவர் எந்த லாக்கரில் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் அடுத்த வருடம் பில் வந்ததும் என்னிடம் புலம்ப வராதீர்கள்.